காதலித்தால் நோய் தீர்ந்துவிடுமா?

இளையோர் காதல் நாவல்களில் புற்றுநோய், மனச்சோர்வு, வீட்டு வன்முறை, நாடு கடத்தல் என்று கனமான விஷயங்கள் வரும்போது நான் கவனிப்பது ஒன்றைத்தான். அந்தக் கஷ்டத்தைக் காதலைக் கொண்டு தீர்த்துவைக்கப் பார்க்கிறாரா எழுத்தாளர், அல்லது கஷ்டம் கஷ்டமாகவே இருக்க, அதன் பக்கத்திலேயே காதலுக்கும் ஓர் இடம் கொடுக்கிறாரா? முதல் வகை என்றால் மொழி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குக் கோபம் வந்துவிடும். இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு வயது 14, 15. தன்னை யாரும் காதலிக்காததால்தான் இந்த மனச்சோர்வு விடமாட்டேன் என்கிறது என்று ஒரு பெண் நினைத்துக்கொள்ளலாம். இன்னொருத்தி, தான் இன்னும் கொஞ்சம் பொறுமையாக, இன்னும் கொஞ்சம் அன்பாக இருந்தால் அவன் அடிப்பதை நிறுத்திவிடுவான் என்று நம்பிவிடலாம். கதைதானே என்று என்னால் விட்டுவிட முடிவதில்லை. அந்த வயதில் காதல் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் கதைகளிலிருந்துதான் கற்றுக்கொள்கிறோம்.

அதற்காக இந்த நாவல்களை மொத்தமாக அழுகாச்சிக் கதைகள் என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 2013-ல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ், நோயும் தற்கொலையும் வரும் இளையோர் நாவல்களுக்கு 'சிக்-லிட்' (sick-lit, அதாவது நோய் இலக்கியம்) என்று முத்திரை குத்தி, இவையெல்லாம் பிள்ளைகள் படிக்கத் தகுந்தவைதானா என்று கேட்டது. பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது, பிள்ளைகள் வீட்டில் அடி வாங்குகிறார்கள், அதே பிள்ளைகளுக்குக் காதலும் வருகிறது. இது எல்லாம் ஒரே ஆளுக்கு ஒரே வருடத்தில் நடக்கும்போது அதை எழுதக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? என் சண்டை எழுதலாமா என்பதைப் பற்றியதே இல்லை, எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பற்றியது. முடிவுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது, ஆகவே கீழே ஸ்பாய்லர்கள் நிறைய உண்டு.

கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்லும் நாவல் ஜான் கிரீனின் 'டர்ட்டில்ஸ் ஆல் த வே டவுன்'. 2017-ல் வந்தது. தனக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணங்களும் அவற்றை அடக்கச் செய்யும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் மனநோய், இருப்பதைக் கிரீன் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார், நாவலின் நாயகி ஏஸாவுக்கும் அதே நோய். ஓசிடி என்றால் மேசையை ஒழுங்காக அடுக்கிவைக்கும் பழக்கம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்களை வாசித்தாலே போதும். விரல் நுனியில் ஒரு சின்னக் காயம், அதில் கிருமி தொற்றிவிட்டதோ என்று சந்தேகம், உடனே பிளாஸ்திரியைப் பிரிக்கிறாள், அழுத்திப் பார்க்கிறாள், சுத்தம் செய்கிறாள், புதிதாக ஒன்றை ஒட்டுகிறாள், ஒட்டி முடித்த மறு நிமிடமே சரியாகச் சுத்தம் செய்தோமா என்ற கேள்வி. வாசிக்கிற நமக்கே மூச்சு முட்டுகிறது. இவளுக்கு டேவிஸைப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் இவளைப் பிடித்திருக்கிறது, முத்தமிடுகிறார்கள். 10 வினாடி முத்தத்தில் 8 கோடி பாக்டீரியாக்கள் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகின்றன என்று நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் கணக்கிட்டார்கள். நமக்கு அது கேட்டு மறந்துவிடக்கூடிய தகவல், ஏஸாவுக்கு அது தலைக்குள் புகுந்துகொண்டு வெளியே போக மறுக்கும் பயம்.

சாதாரணமான ஒரு காதல் கதையாக இருந்திருந்தால் மூன்றாவது முத்தத்தில் அந்தப் பயம் கரைந்திருக்கும். இங்கே கரைவதில்லை. டேவிஸ் நல்லவன், பொறுமைசாலி, அவளை அவசரப்படுத்துவதில்லை, அப்படியும் கரைவதில்லை. நேரில் உட்கார்ந்திருப்பதைவிட ஃபோன் திரை வழியாக அவனோடு பேசுவதுதான் அவளுக்குச் சுலபமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் மருத்துவமனையில் வைத்திருக்கும் சானிடைசரையே எடுத்து விழுங்குகிற அளவுக்கு நோய் முற்றிவிடுகிறது. கடைசியில் இருவரும் பிரிகிறார்கள், யார் மேலும் தப்பு இல்லாமல். ஏஸாவுக்கு இது மறுபடியும் முற்றும், மறுபடியும் தேறுவாள், வாழ்க்கை போய்க்கொண்டே இருக்கும் என்ற இடத்தில் நாவல் நிற்கிறது. ஓசிடிக்குச் சிகிச்சை இருக்கிறது. பயப்படுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, உடனே ஓடிப்போய்க் கழுவாமல் இருக்கப் பழக்குகிறார்கள், தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஏஸா மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டாள், மாத்திரை போட்டால்தான் நான் நானாக இருப்பேன் என்றால் அந்த நான் யார் என்று அவளுக்கு ஒரு குழப்பம். மருந்து எடுத்துக்கொள்கிற நிறையப் பேருக்கு உள்ளே இருக்கும் கேள்வி அது. கிரீன் அந்தக் கேள்வியை மதிக்கிறார், ஆனால் மாத்திரையை விட்டதற்கு அவள் உடல் கொடுக்கிற விலையையும் மறைப்பதில்லை.

இந்த நாவலில் காதலைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது தோழி டெய்ஸி. அவள் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறாள், அதில் எல்லோரையும் எரிச்சல்படுத்தும் ஒரு பாத்திரம் வருகிறது, அது தன்னை வைத்துத்தான் எழுதப்பட்டது என்று ஏஸாவுக்கு ஒரு நாள் தெரியவருகிறது. அதையொட்டி வரும் சண்டையில் டெய்ஸி கொட்டித் தீர்க்கிறாள். நீ உன் தலைக்குள்ளேயே குடியிருக்கிறாய், என் வீட்டில் என்ன கஷ்டம் என்று உனக்கு எதுவுமே தெரியாது என்கிற மாதிரி. அவள் சொல்வது கொடுமையாகவும் இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது. நோயாளியோடு இருப்பவர்களுக்கும் களைப்பு வரும் என்பதை நோயாளியைக் குற்றவாளி ஆக்காமல் சொல்வது லேசான காரியம் இல்லை. பெரும்பாலான காதல் நாவல்களில் காதலன் களைப்படைவதே இல்லை, கவனித்தீர்களா?

அப்புறம் ரெயின்போ ராவலின் 'எலனர் அண்ட் பார்க்'. கதை 1986-ல் அமெரிக்காவின் ஒமாஹா நகரத்தில் நடக்கிறது, வறுமையும் மாற்றாந்தகப்பனின் கொடுமையும் சேர்ந்த வீடு எலனருடையது. குளியலறைக்குக் கதவு கிடையாது, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை, வாக்மேன் இரவல் கிடைத்தாலும் பேட்டரி வாங்கக் காசு கிடையாது. அவளைக் காதலிக்கும் பார்க், பாட்டு பதிந்த கேசட்டோடு பேட்டரியையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. வறுமையை இப்படிச் சின்னச் சின்னப் பொருள்களின் வழியாகக் காட்டும்போதுதான் அது உறைக்கிறது. பார்க்கால் அந்த வீட்டை மாற்ற முடியாது, அந்த ஆளை எதிர்த்து நிற்கவும் முடியாது, அவனுக்கே 16 வயது. அவனால் முடிந்தது ஒன்றுதான். அவள் ஓடிப்போக வேண்டிய இரவில் வண்டியை எடுத்து, மினசோட்டாவில் இருக்கும் அவளுடைய மாமா வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறான். அதற்கு அவன் கொடுக்கும் விலை அவளை இழப்பது. அவள் பிழைக்கிறாள், ஆனால் நீண்ட காலம் அவனுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. காதல் அவளைக் காப்பாற்றவில்லை என்று சொல்ல மாட்டேன், பாதுகாப்பான ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. எனக்கு இது பெரிய வித்தியாசம். அடி வாங்கும் தோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிற எந்தப் பதின்பருவத்தினருக்கும் இந்த நாவல் ஒரு வழி காட்டுகிறது: நீ தனியாகத் தாங்காதே, தாங்கக்கூடிய ஒருவரிடம் கொண்டுபோய் விடு. (பாதிக் கொரியரான பார்க்கை எழுதியிருக்கும் விதம் பற்றிக் கொரிய-அமெரிக்க வாசகர்கள் வைத்த விமர்சனங்கள் நியாயமானவை. அவனுடைய தோற்றத்தை வர்ணிக்கும் இடங்களில் எனக்கும் நெளிந்தது.)

நிக்கோலா யூனின் 'த சன் இஸ் ஆல்சோ எ ஸ்டார்' (2016) இதே நேர்மையைச் சட்டத்தின் விஷயத்தில் காட்டுகிறது. நடாஷா ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், உரிய ஆவணங்கள் இல்லை, அன்றிரவே குடும்பத்தோடு நாடு கடத்தப்படப் போகிறாள். டேனியல் கொரியக் குடியேறிகளின் மகன். நியூயார்க்கில் ஒரே பகல், அதற்குள் காதல். கடைசி நிமிடத்தில் ஒரு வக்கீல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார் என்று நாம் நம்ப ஆரம்பிக்கும்போது, அது நடப்பதில்லை. விமானம் ஏறிவிடுகிறாள். இரண்டு பேர் உண்மையாகக் காதலிக்கிறார்கள் என்பது குடிவரவுத் துறையின் எந்தப் படிவத்திலும் நிரப்பக்கூடிய விஷயம் இல்லை. பல வருடம் கழித்து வரும் கடைசி அத்தியாயத்தைச் சிலர் தேவையில்லாத ஆறுதல் என்பார்கள், எனக்கு அது பிடித்திருந்தது, ஏனென்றால் நாடு கடத்தல் நடந்து முடிந்துவிட்டது, அதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இதே எழுத்தாளரின் முந்தைய நாவலோடுதான் எனக்குப் பெரிய மனக்குறை. 'எவ்ரிதிங், எவ்ரிதிங்' 2015-ல் வந்தது. மேடலினுக்கு எஸ்சிஐடி, அதாவது பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத நிலை என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே 18 வயது வரை வளர்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு ஆலி வருகிறான், காதல் மலர்கிறது, அவனுக்காக உயிரையே பணயம் வைத்து வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பிறகுதான் தெரிகிறது, அவளுக்கு அந்த நோயே கிடையாது. கணவனையும் மகனையும் விபத்தில் இழந்த, தானே மருத்துவரான அம்மா, மிச்சமிருக்கும் மகளையும் இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் உருவாக்கிக்கொண்ட நோய் அது. கதையாகப் பார்த்தால் நல்ல திருப்பம்தான், அம்மாவின் துக்கமும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் நிஜமாகவே நாட்பட்ட நோயோடு வாழும் ஓர் இளைஞர் இதைப் படித்தால்? உனக்கும் காதல் உண்டு, உலகம் உண்டு என்று 200 பக்கத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே வந்துவிட்டு, அதற்கு நீ நோயில்லாமல் இருக்க வேண்டும் என்று முடித்துவிடுகிறது. மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலர் இதை அப்போதே எடுத்துச் சொன்னார்கள். எஸ்சிஐடி உண்மையில் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்: சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைகள் முதல் ஓரிரு ஆண்டுகளைத் தாண்டுவதே அரிது. பிறந்த மூன்றரை மாதத்துக்குள் எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்தால் பிழைப்பவர்கள் 90 விழுக்காட்டுக்கு மேல். மரபணு சிகிச்சையும் வந்துவிட்டது. 2018-ன் இறுதிக்குள் அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான சோதனை வந்துவிட்டது. இவ்வளவு சிகிச்சைகளில் ஒன்றைக்கூட ஏன் முயன்று பார்க்கவில்லை என்று கதைக்குள் யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

மருத்துவம் நாவலைவிட வேகமாக ஓடும் என்பதற்கு 'ஃபைவ் ஃபீட் அபார்ட்' உதாரணம். திரைக்கதையாக எழுதப்பட்டதை ரேச்சல் லிப்பின்காட் நாவலாக்கினார், புத்தகம் 2018 நவம்பரில், படம் 2019 மார்ச்சில். ஸ்டெல்லா, வில் இருவருக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் கெட்டியான சளி தேங்கி, தொற்றுக்கு மேல் தொற்று வரும் மரபணு நோய் அது. அந்த நோய் உள்ள இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருவரின் கிருமி இன்னொருவருக்குப் போகலாம் என்பதால் 6 அடி தள்ளி நிற்கச் சொல்வது நிஜமான விதி. வில்லிடம் இருப்பதோ பர்க்கோல்டேரியா செபாசியா, அது தொற்றினால் பல மருத்துவமனைகளில் நுரையீரல் மாற்றத்துக்கான பட்டியலிலேயே சேர்க்க மாட்டார்கள். நோய் தன்னிடமிருந்து எவ்வளவோ பறித்துவிட்டது, அதனிடமிருந்து ஓர் அடியையாவது நான் திருடிக்கொள்கிறேன் என்று ஸ்டெல்லா 5 அடியாக்குகிறாள். இந்த இடத்தில் எனக்கு இரண்டு மனசு. ஆசைப்படுகிறவரைத் தொடவே முடியாத உடல் என்பதை இதைவிட உக்கிரமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 6 அடி யாரோ கொடுமைக்காரர் போட்ட வேலி இல்லை, அவர்களை உயிரோடு வைத்திருப்பதே அதுதான், அதை மீறுவதைக் காதலின் உச்சமாகக் காட்டுவது எனக்கு நெருடுகிறது. இதே நோயோடு வாழ்ந்தவர்களிலும் படத்தைக் கொண்டாடியவர்கள் உண்டு, கோபப்பட்டவர்கள் உண்டு. படத்துக்கு ஆலோசனை சொன்ன, தன் நோயைப் பற்றி இணையத்தில் அவ்வளவு வெளிச்சமாகப் பேசிவந்த கிளேர் வைன்லாண்ட் 2018 செப்டம்பரில், நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு 21 வயதில் இறந்துபோனார். படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. படம் வந்து ஏழே மாதத்தில், 2019 அக்டோபரில், டிரைகாஃப்டா என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினருக்குப் பலன் தரக்கூடிய மாத்திரை, ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை. இன்று அதே கதையை எழுதினால் இந்த மாத்திரை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை, எந்த மரபணு மாற்றம் உள்ளவருக்கு அது வேலையே செய்யாது என்பதுதான் கதையாகும். அப்படி ஒரு காதல் நாவலுக்காகக் காத்திருக்கிறேன், நிஜமாகவே.

'த ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதில் புற்றுநோயுள்ள நாயகி ஹேஸலை உயிரோடு வைத்திருக்கும் மருந்து கற்பனையானது என்று கிரீன் புத்தகத்திலேயே சொல்லிவிடுகிறார், அந்த நேர்மை எனக்குப் போதும்.

இனித் தற்கொலை. இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது, ஆனாலும் இந்த வகை நாவல்களில் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஊடகத்தில் ஒரு தற்கொலை சித்திரிக்கப்படும் விதம் வாசகரைப் பாதிக்கும் என்பதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'வெர்தர் விளைவு'. 1774-ல் கதே எழுதிய நாவலின் நாயகன் அந்த வெர்தர், நிறைவேறாத காதலால் உயிரை விடுகிறவன். இதற்கு நேர் எதிரான பாதுகாப்பான விளைவுக்கு 'பாப்பகேனோ' என்று பெயர் வைத்தார்கள். மொசார்ட்டின் இசை நாடகம் ஒன்றில் வரும் பாப்பகேனோ, தன் காதலியை இழந்துவிட்டதாக நினைத்து அதே முடிவுக்குப் போகிறான், மூன்று சிறுவர்கள் வந்து வேறு வழி இருப்பதை நினைவூட்டுகிறார்கள், அவன் வாழ்கிறான். இரண்டுமே இளமைக் காதல் கதைகள்! ஒன்றில் சாவு காதலின் நிரூபணம் ஆகிறது, இன்னொன்றில் கூட நிற்கும் சிலர் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுக்கிறார்கள். இந்தக் கருவை எடுக்கிற எழுத்தாளர் யாராக இருந்தாலும் இந்த இரண்டில் தன் கதை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு முறை யோசிக்க வேண்டும் என்பேன்.

ஜே ஆஷரின் 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' (2007) வெர்தர் பக்கம் சாய்கிறது என்பது என் கருத்து. இறந்துபோன ஹேனா விட்டுச்சென்ற கேசட்டுகளை, அவளை மனதுக்குள்ளேயே காதலித்த கிளே கேட்கிறான். அவன் மனதில் ஓடுவதெல்லாம் நான் முன்பே சொல்லியிருந்தால், நான் விலகாமல் இருந்திருந்தால் என்பதுதான். அந்தக் குற்ற உணர்ச்சி இயல்பானது, நெருங்கியவரை இப்படி இழந்த எல்லோருக்கும் வருவது. ஆனால் நாவல் அந்தக் குற்ற உணர்ச்சியைத் தளர்த்துவதே இல்லை, ஒரு காதல் போதுமானதாக இருந்திருக்கும் என்ற எண்ணம் கடைசிவரை தொங்கிக்கொண்டே இருக்கிறது. இறந்த பிறகும் அவள் எல்லோரோடும் பேசுகிறாள், எல்லோரும் கேட்கிறார்கள். சாவு அப்படி வேலை செய்வதில்லை. நெட்ஃப்ளிக்ஸ் தொடராக 2017-ல் வந்தபோது கிளம்பிய எதிர்ப்பு பெரியது, இரண்டு வருடம் கழித்து, 2019 ஜூலையில், ஹேனா உயிரை விடும் காட்சியை அவர்களே நீக்கினார்கள்.

ஜெனிஃபர் நிவெனின் 'ஆல் த பிரைட் பிளேசஸ்' (2015) இன்னும் சிக்கலானது. அக்காவை விபத்தில் இழந்து உறைந்துபோயிருக்கும் வயலெட், ஃபின்ச்சின் காதலால் மெல்ல மெல்ல உயிர்த்தெழுகிறாள். அதே காதலால் ஃபின்ச் பிழைப்பதில்லை. தன் இளமையில் ஒருவரை இப்படி இழந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதியதாக நிவென் சொல்லியிருக்கிறார், உதவி எங்கே கிடைக்கும் என்ற விவரங்களையும் பின்னால் சேர்த்திருக்கிறார். ஃபின்ச் தன் நோயின் பெயரைக் கேட்டதும் அதிலிருந்து விலகி ஓடுவது, பெயர் ஒட்டிவிட்டால் தான் வெறும் பெயராகிவிடுவோம் என்று பயப்படுவது, இதெல்லாம் மிகவும் உண்மை. என்னை உறுத்துவது அவனைச் சுற்றியுள்ள பெரியவர்கள் எல்லோருமே ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது. ஒரே ஒருவராவது சரியான கேள்வியைக் கேட்டு, அவன் தப்பிக்கப் பார்த்தும் விடாமல் இருந்திருந்தால், அப்படியும் முடிவு இதேதான் என்று எழுதியிருந்தாலும்கூட, படிக்கிற பிள்ளைக்கு உதவி எப்படி இருக்கும் என்ற உருவமாவது கிடைத்திருக்கும். இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உள்ளே அந்த எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால், காதலரிடம் மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். ஒரு பெரியவரிடமும் ஒரு மருத்துவரிடமும் சொல்லுங்கள், இன்றைக்கே.

வன்முறைக்கு வருகிறேன். சாரா டெஸனின் 'ட்ரீம்லேண்ட்' வந்தது 2000-ல், இன்றும் இதைத் தாண்டி எழுதியவர்கள் குறைவு. நாயகி கேட்லினின் காதலனாக ரோஜர்சன் அறிமுகமாகும்போது வாசகருக்கும் அவனைப் பிடித்துப்போகிறது. அதுதான் டெஸனின் துணிச்சல். முதலிலேயே அவனை அரக்கனாகக் காட்டியிருந்தால் இவள் ஏன் இவனோடு இருக்கிறாள் என்று நாமும் அலட்சியமாகக் கேட்டிருப்போம். அவனை அவன் அப்பா அடிப்பதைக் கேட்லின் பார்க்கிறாள், அந்தப் பரிதாபமே அவளைக் கட்டிப்போடுகிறது. முதல் அடி விழும்போது அதற்குக் காரணம் தேடுகிறாள், நேரத்துக்கு வரவில்லை, அவனுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தும் அப்படிச் செய்தேன் என்று. பிறகு நீளக் கை வைத்த சட்டை, பிறகு தோழிகளிடமிருந்து விலகல், பிறகு தன் நாளையே அவன் முகத்தைப் பார்த்து அமைத்துக்கொள்வது. வெளியே தெரிந்த பிறகும் அவள் மனம் அவனைவிட்டு உடனே அறுந்துவிடுவதில்லை, கடைசிப் பகுதியில் அவள் இருப்பது சிகிச்சை மையத்தில், இன்னொரு நல்ல பையனின் தோளில் இல்லை. கெட்ட காதலுக்கு மருந்து நல்ல காதல் என்று காட்டும் நாவல்கள் ஏராளம், உடனே ஒரு மாற்றுக் காதலனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். அடி வாங்கி வெளியே வந்தவளுக்கு முதலில் தேவை தன் நேரம் தன் கையில் இருப்பது.

கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' பெரியவர்களுக்கான நாவல், ஆனால் பதின்பருவத்தினர்தான் அதைக் கையோடு எடுத்துத் திரிகிறார்கள், அதனால் ஒன்று மட்டும். 2023 ஜனவரியில் அந்தக் கதைக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வரப்போவதாக அறிவித்தார்கள், வாசகர்கள் கொதித்தெழ, உடனே கைவிட்டார்கள். அடி உதை பற்றிய கதைக்கு வண்ணம் தீட்டும் புத்தகம்! பூப்போட்ட அட்டையும் இனிப்பான விளம்பரமும் ஒரு கதையை என்னவாக மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதே சமயம் அதைத் தடுத்து நிறுத்தியதும் வாசகர்கள்தான், அது எனக்கு நம்பிக்கை தருகிறது.

இந்த வகைக்கு ஒரு முன்னோடி இருக்கிறது, 1975-ல் ஜூடி ப்ளூம் எழுதிய 'ஃபாரெவர்'. இரண்டு நல்ல பிள்ளைகள் காதலித்து உடலுறவு கொள்கிறார்கள், ஆனால் யாரும் சாகக் கூடாது, அப்படி ஒரு கதை வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டதால் எழுதியது. அதுவரை அப்படிப்பட்ட கதைகளில் பெண்ணுக்குத் தண்டனை நிச்சயம், கர்ப்பமோ சாவோ. கேத்தரின் மருத்துவ மையத்துக்குப் போகிறாள், கருத்தடை மாத்திரை வாங்குகிறாள், காதல் முடிகிறது, வாழ்க்கை முடிவதில்லை. அந்த வழியில் இன்று எனக்கு மிகவும் பிடித்தது எலிசபெத் அசெவேடோவின் 'வித் த ஃபயர் ஆன் ஹை' (2019). எமோனி பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கிறாள், கையில் ஒரு பெண் குழந்தை, வளர்க்க உதவும் பாட்டி, சமையலில் அபாரமான கை. மலக்காய் என்ற பையன் வருகிறான். அவனுக்கு எமோனியைப் பிடித்திருக்கிறது, எமோனிக்கோ அவசரமே இல்லை, ஏனென்றால் அவளுக்கு வீட்டில் குழந்தை, பகுதி நேர வேலை, முன்னாள் காதலனின் குடும்பத்தோடு குழந்தையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்று தலைக்கு மேல் வேலை. அவன் காத்திருக்கிறான், முகம் சுளிக்காமல். அவள் தன் கடந்த காலத்துக்காக வெட்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாவல் எங்கும் கேட்பதில்லை. படித்து முடித்தபோது எனக்கு அவர்கள் சேர்ந்தார்களா என்பதைவிட அவள் அடுத்து என்ன சமைக்கப் போகிறாள் என்பதில்தான் ஆர்வம் இருந்தது.

யார் எழுதலாம் என்ற கேள்வியும் இருக்கிறது. 2015-ல் எழுத்தாளர் கோரின் டைவிஸ் 'ஓன்வாய்சஸ்' என்ற ஹேஷ்டேகைத் தொடங்கினார், ஒடுக்கப்பட்ட அடையாளம் கொண்ட பாத்திரங்களை அதே அடையாளம் கொண்டவர்களே எழுதும் புத்தகங்களை வாசகர்கள் கண்டுபிடிக்க வசதியாக. நல்ல நோக்கம், அதனால் பல நல்ல புத்தகங்கள் கண்ணில் பட்டன. ஆனால் போகப்போக அது எழுத்தாளரின் அந்தரங்கத்தைச் சோதிக்கும் கருவியாகவும் ஆனது. பெக்கி ஆல்பர்டாலி 2015-ல் எழுதிய நாவலில் சைமன் என்ற பையனின் மின்னஞ்சல்களை ஒருவன் கண்டுபிடித்து, அவன் தன்பாலீர்ப்பாளன் என்பதை ஊருக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறான். எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவுசெய்யும் உரிமையை அவனிடமிருந்து பறிப்பதுதான் அந்தக் கதையின் வலியே. அந்த நாவலை எழுதியவரிடமே, நீ யார், இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று வருடக்கணக்கில் கேட்டார்கள். 2020 ஆகஸ்டில், தான் இருபாலீர்ப்பு கொண்டவர் என்று அவர் எழுத வேண்டியதாயிற்று, தானாக விரும்பிய நேரத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். 2021-ல், இளையோர் நூல்களில் பன்முகத்தன்மைக்காக இயங்கும் 'வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்' அமைப்பு 'ஓன்வாய்சஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. நான் இன்னும் அனுபவத்திலிருந்து எழுதப்படும் புத்தகங்களைத்தான் முதலில் தேடுகிறேன், ஆனால் எழுத்தாளர் தானாகச் சொல்லாததை நாம் தோண்டக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் புத்தகங்களைப் பூட்டிவைப்பதால் பிள்ளைகள் படிக்காமல் இருக்கப்போவதில்லை, உங்களோடு பேசாமல் படிப்பார்கள், அவ்வளவுதான். நீங்களும் படியுங்கள். படித்துவிட்டுப் பாடம் நடத்தாமல், அந்தப் பையன் அப்படிச் செய்தது உனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் எழுதப்படாதவை நிறைய இருக்கின்றன. நோயாளியின் தம்பி தங்கைகளுக்கு வரும் காதலை யாராவது எழுத வேண்டும், வீட்டில் எல்லாக் கவனமும் ஒருவர் மேலேயே இருக்கும்போது தனக்கும் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லக்கூடக் கூச்சப்படும் பிள்ளையை. சிகிச்சைக்குப் பணம் கட்டுவது எப்படி என்று அம்மாவும் அப்பாவும் இரவில் பேசிக்கொள்வதை அடுத்த அறையிலிருந்து கேட்கும் பெண்ணை. மருந்து எடை கூட்டிவிட்டதால் கண்ணாடியையே தவிர்க்கும் பையன் முதல் முறை ஒருத்தியைச் சந்திக்கப் போவதை. இப்படி ஒன்று நீங்கள் ஏற்கெனவே படித்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள், இந்த வாரமே எடுத்துவிடுகிறேன்.